திரும்பி வரும் ரத்தம்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும்போது இந்தப் பெருக்கலைப் பலகையில் போட்டுவிட்டு, நம் உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். வளர்ந்த ஒருவருக்கு அதுவும் ஏறக்குறைய 5 லிட்டர்தான். அரை மணி நேரத்தில் இதயத்தின் வழியாக 150 லிட்டர் போகிறது, இருப்பதோ 5 லிட்டர். கணக்கு புரிந்ததும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்: "அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருது மிஸ்."

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் உலகத்துக்குச் சொன்னதும் இதைத்தான். அதுவரை ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவர்கள் பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை நம்பி வந்தார்கள். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைச் செய்கிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துத் தீர்க்கின்றன, மறுபடி புதிதாகச் செய்யப்படுகிறது என்பது கேலனின் கருத்து. ஹார்வி அளந்து பார்த்தார். ஒரு துடிப்புக்கு மிகக் குறைவான அளவை வைத்துக் கணக்குப் போட்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தை மிஞ்சிவிடுகிறது. அவ்வளவையும் எந்தக் கல்லீரலாலும் செய்ய முடியாது. அப்படியானால் போனதுதான் திரும்பி வருகிறது.

எனக்குப் பேச வேண்டும் என்று தோன்றுவது இந்தத் திரும்பி வருவதைப் பற்றித்தான். நம் ஊரில் ஹார்ட் என்று வாயெடுத்தாலே பேச்சு பிளாக் பக்கம் போய்விடுகிறது. எத்தனை பிளாக், எத்தனை ஸ்டென்ட், எந்த ஆஸ்பத்திரி, காப்பீட்டில் எவ்வளவு வந்தது என்று கேட்கிறோம். எல்லாமே இதயத்திலிருந்து வெளியே போகும் தமனிகளைப் பற்றிய பேச்சு. அது முக்கியம்தான். ஆனால் இதயத்தால் தனக்கு வந்து சேர்வதை மட்டுமே அனுப்ப முடியும். வடபழனி டிப்போவுக்கு வண்டி வந்து சேராமல் அடுத்த ட்ரிப் கிளம்பாது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் அதுதான் நிலைமை. கால்களிலிருந்து, குடலிலிருந்து, தோலிலிருந்து ரத்தம் சரியாக வந்து சேராவிட்டால் நல்ல இதயமும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும்.

இதயத்தின் வலது பாதியும் இடது பாதியும் ஒட்டியிருக்கும் இரண்டு தனித்தனி பம்புகள். உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் இருந்து வருவதை இடது பக்கம் வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. இடது கீழறையின் சுவர் தடித்தது, 120 என்று பி.பி. மெஷினில் நாம் பார்க்கும் அழுத்தத்தை அதுதான் உண்டாக்குகிறது. வலது பக்கத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போதும், நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களும் இளக்கமானவை. இப்படி வலு வேறுபட்ட இரண்டு பம்புகளும் அனுப்பும் அளவு மட்டும் சமமாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சமமாக? வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் இடது பக்கத்தைவிட ஒரே ஒரு மில்லி அதிகமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 72 மில்லி நுரையீரலில் தேங்கும். ஒரு மணி நேரத்தில் 4 லிட்டரைத் தாண்டிவிடும். அதற்கு வெகு முன்பே மனிதர் மூச்சுத் திணறிப் போயிருப்பார். நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க இது நடப்பதில்லை. இத்தனைக்கும் மூளையிலிருந்து யாரும் இரண்டு பக்கத்தையும் அளந்து சரிபார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓட்டோ ஃபிராங்க் என்ற ஜெர்மானியரும் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயரும் கண்டறிந்து சொன்ன ஒரு குணம் இதயத் தசைக்கு உண்டு. கூடுதலாக நிரம்பினால் தசை கூடுதலாக இழுபடும், கூடுதலாக இழுபட்ட தசை அடுத்த துடிப்பில் கூடுதல் வலுவோடு சுருங்கும். அதிகம் வந்தால் அதிகம் அனுப்பும், குறைவாக வந்தால் குறைவாக அனுப்பும். இடது பக்கத்துக்கு ஒரு மில்லி கூடுதலாக வந்தால் சில துடிப்புகளுக்குள் அந்த ஒரு மில்லியும் வெளியே போய்விடும். இதயத்தைப் பற்றி நான் படித்ததில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். முதலாளி மாதிரி உத்தரவு போடும் உறுப்பு என்று நாம் நினைக்கும் ஒன்று, வருவதை வாங்கி அப்படியே ஒப்படைக்கும் வேலையை இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கிறது.

அந்த "வருவது" எப்படி வருகிறது? தமனியில் ரத்தம் ஓட இதயத்தின் தள்ளு இருக்கிறது. ஆனால் சின்னத் தமனிகளையும் தந்துகிகள் என்ற மிக மெல்லிய குழாய்களையும் தாண்டி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்குள் நுழையும்போது அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும். சராசரியாக 100 அளவில் கிளம்பியது 20க்கும் கீழே வந்துவிடும், வலது மேலறையை எட்டும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். அதே சமயம், உடம்பில் உள்ள ரத்தத்தில் எந்த நேரத்திலும் 60 முதல் 70 சதவீதம் சிரைகளில்தான் இருக்கிறது. சிரைச் சுவர் மெல்லியது, விரிந்து கொடுக்கும். படுத்திருப்பவர் எழுந்து நின்றால் சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து இடுப்புக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பவரின் பாதச் சிரைகளில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும்.

அங்கிருந்து அதை மேலே ஏற்றுவது கால்தான். ஆடுசதை சுருங்கும்போது அதற்குள்ளே ஓடும் ஆழமான சிரைகள் பிழியப்படுகின்றன. சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதால் பிழியப்பட்ட ரத்தம் கீழே இறங்க முடியாமல் மேலே போகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து அதுவும் ரத்தத்தை மேலே இழுக்கிறது. பத்து அடி நடந்தாலே பாதத்தில் 90 இருந்த அழுத்தம் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வால்வு இருப்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு முன்கையில் சிரை புடைக்கும்வரை இருங்கள். புடைத்த சிரையில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி நீவிவிட்டு அந்த இரண்டாவது விரலை எடுத்துவிடுங்கள். நீவிய இடம் காலியாகவே இருக்கும். மேலே இருக்கும் ரத்தம் இறங்கி வராது, வால்வு தடுத்துவிடும். கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். ஹார்வி செய்து காட்டிய சோதனை இது. அந்த வால்வுகளைப் பற்றி எழுதியவர் படுவா நகரத்தில் அவருக்குப் பாடம் எடுத்த ஃபப்ரீசியஸ். அவற்றைப் பார்த்தவர் ஆசிரியர், எதற்காக இருக்கின்றன என்று புரிந்துகொண்டவர் மாணவர்.

என் அக்கா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போனால் இரவு கடை மூடிய பிறகுதான் வருவாள். தீபாவளிச் சமயத்தில் இன்னும் நேரமாகும். கவுன்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும், சாயக்கூடாது. கொஞ்ச வருடத்தில் முழங்காலுக்குக் கீழே பச்சையாகச் சிரைகள் சுருண்டு எழும்பின. நரம்பு சுருட்டிக்கிச்சு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். மாலையானால் கணுக்கால் வீங்கும். அவள் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நடந்தா வலிக்கலடி. நின்னாத்தான் வலிக்குது."

ஒரே வரியில் அவள் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டாள். நடக்கும்போது ஆடுசதை வேலை செய்கிறது, ரத்தம் ஏறுகிறது, வலி குறைகிறது. நிற்கும்போது முழு நீளத்து ரத்தமும் பாதத்தின் மீது கனக்கிறது. வருடக்கணக்கில் அப்படிக் கனத்தால் சிரை அகலமாகிறது, அகலமானால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடிவதில்லை, ரத்தம் கீழே ஒழுகுகிறது, அடுத்த வால்வின் மேல் பாரம் ஏறுகிறது. பரம்பரை, கர்ப்ப காலம், உடல் எடை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நிற்பது அதை வேகப்படுத்துகிறது. கவனிக்காமல் விட்டால் கணுக்காலுக்கு மேலே தோல் கருக்கும். சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் இரும்பு தோலில் படிவதால் வரும் கறுப்பு அது. அப்புறம் ஆறாத புண்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018லேயே இதைச் செய்திருந்தது. இரண்டு மாநிலத்திலும் இதற்காகக் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பெண்கள். உடலியங்கியல் தெரிந்த யாரும் அந்தச் சட்டத்தை ஒரு சலுகை என்று சொல்ல மாட்டார்கள். இப்போது ரங்கநாதன் தெருப் பக்கம் போனால் நான் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இருக்கும் இடத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். இரண்டும் வேறு வேறு கேள்வி.

சட்டம் வந்தபோது அக்கா வேலையை விட்டிருந்தாள். மருத்துவர் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அழுத்தக் காலுறை போடச் சொன்னார். சென்னை வெயிலில் அந்த ரப்பர்க் காலுறையை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பது சுலபமில்லை. அவள் பொறுத்துக்கொண்டு போட்டாள். கூடவே மருத்துவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்திருந்தது. நிற்கத்தான் வேண்டும் என்றால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள் என்றார். ஒவ்வொரு தூக்கலும் ஒரு பிழிதல்.

வெயிலைச் சொன்னேன். சென்னையில் ரத்தச் சுற்றோட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு வெயிலை விட முடியாது. அக்னி நட்சத்திரத்தில் உடம்பு சூட்டை வெளியேற்ற இரண்டு வழிதான் வைத்திருக்கிறது. தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து சூடான ரத்தத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருவது, வியர்ப்பது. சாதாரண நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே ரத்தம் போகும். கடும் வெப்பத்தில் அது 6, 7 லிட்டர் வரை கூடப் போகலாம். வியர்வை எங்கிருந்து வருகிறது? ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்துதான். கடற்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்தோடிவிடுகிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை, உடம்பு இன்னும் வியர்க்கிறது. ஒரே நேரத்தில் குழாய்களின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே இருக்கும் ரத்தத்தின் அளவு குறைகிறது. இதயத்துக்குத் திரும்புவது குறைந்துபோகிறது.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்குவதை அவை மூளைக்குச் சொன்னதும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் சுருங்குகின்றன, சிரைகள் இறுகித் தங்களிடம் இருக்கும் இருப்பை நெஞ்சுக்குத் தள்ளுகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மே மாதத்து மத்தியானத்தில் பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கும்போதே நெஞ்சு படபடப்பது இதனால்தான். அந்த நேரத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல் கண்ணில் பட்டால் தயங்காமல் போய் வாங்கிக் குடியுங்கள். உப்போடு சேர்ந்த நீர் ரத்தக் குழாய்க்குள் நிற்கும், வெறும் தண்ணீரைவிட நல்லது. இதய பலவீனத்துக்கு நீரையும் உப்பையும் அளந்து எடுக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்து போனார்கள். மத்தியான வெயில், நகர முடியாத நெரிசல், நெடுநேரம் நின்றது, தண்ணீர் கிடைக்காமல் அலைந்தது. மேலே நான் எழுதிய ஒவ்வொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தக் கடற்கரை வரும். இதயம் திடமாக இருப்பவரையும் அது சாய்க்கும். கூட்டம் கூட்டுகிறவர்கள் நிழலையும் தண்ணீரையும் வெளியேறும் வழியையும் முதல் செலவாக எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பள்ளியில் இதன் சின்ன வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் விறைப்பாக நிற்கும் பிள்ளைகளில் ஒன்று வெளிறிப்போய் விழும். உடனே நான்கு பேர் ஓடி வந்து அந்தப் பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூளைக்கு ரத்தம் போதாமல்தான் பிள்ளை விழுந்தது. விழுந்து படுத்ததும் காலில் தேங்கிய ரத்தம் தானாக நெஞ்சுக்கு வருகிறது, விழுந்ததே பாதி வைத்தியம். நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு புத்தகப் பை உயரத்துக்குத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் கண் திறக்கும். நன்றாகத் தெளியும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளியவில்லை என்றால், உடம்பு அனலாகக் கொதித்துப் பேச்சு குழறினால், 108ஐக் கூப்பிட்டுவிட்டு ஈரத்துணியால் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிடம் பேசி, கூட்டம் நீண்டால் பிள்ளைகள் குதிகாலைத் தூக்கி இறக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அக்காவின் மருத்துவர் சொன்ன அதே வைத்தியம்.

இதுவரை சொன்னது எவ்வளவு ரத்தம் வருகிறது என்பது. அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியம், அதில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்ச நாள் குழம்பினோம்.

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் இருந்தோம், லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "நெஞ்சு படபடங்குதும்மா, கால்ல தெம்பே இல்ல" என்பாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஹார்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நேராக ஆஞ்சியோ பார்த்துவிடு என்றார் சித்தப்பா. ஈ.சி.ஜி.யில் துடிப்பு வேகமாக இருந்ததே தவிர வேறு குறை இல்லை. எக்கோவில் பம்பிங் நன்றாக இருந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் அம்மாவின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார், உள்ளே வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7. கேட்டுக் கேட்டு விசாரித்தபோதுதான் சொன்னாள். கர்ப்பப்பைக் கட்டியால் பல வருடமாக மாதவிடாயில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. "இதெல்லாம் போய் யார் கிட்ட சொல்றது" என்றாள்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி ஆக்சிஜன். அம்மாவின் 7 கிராமில் ஒன்பதரை மில்லிகூட இல்லை. சும்மா இருக்கும்போது உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நல்ல ரத்தம் 5 லிட்டர் சுற்றினால் ஆயிரம் மில்லி வந்து சேர்கிறது, நாலில் ஒரு பங்குதான் செலவு, மிச்சம் கையிருப்பு. அம்மாவுக்கு வந்து சேர்ந்ததே 500க்கும் குறைவு. அதனால் அவள் உடம்பு ஒரு வழி கண்டுபிடித்தது. ஆக்சிஜன் போதாத இடங்களில் சின்னத் தமனிகள் விரிந்துகொடுத்தன. நீர்த்த ரத்தம் தடையில்லாமல் வேகமாக ஓடித் திரும்பியது. திரும்பியதை எல்லாம் இதயம் வாங்கி வாங்கி அனுப்பியது. படபடப்பு என்று அவள் சொன்னது, ரத்தத்தின் குறையை இதயமும் குழாய்களும் சேர்ந்து ஈடுகட்டிக்கொண்டிருந்த சத்தம். மூன்றில் நல்ல நிலையில் இருந்த இரண்டும் மூன்றாவதற்காக உழைத்தன, நாங்களோ உழைத்தவற்றில் ஒன்றைத்தான் சந்தேகப்பட்டோம்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல். இந்த எண்ணை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தருகிறோம், வாந்தி வருது மிஸ் என்று பிள்ளைகள் கைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். நான் எதிரிலேயே நின்று சாப்பிட வைப்பேன், வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்பேன். முருங்கைக்கீரை நல்லதுதான், தினமும் சாப்பிடுங்கள். ஆனால் 7க்கு இறங்கிய ஒருத்தியைக் கீரையால் மட்டும் மேலே கொண்டுவர முடியாது. மாத்திரையோ ஊசியோ வேண்டும், ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தவும் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. கட்டிக்கு வைத்தியம் பார்த்து ஹீமோகுளோபின் ஏறிய பிறகு அம்மாவின் நாடி இறங்கிவிட்டது. காய்கறிப் பையோடு மூன்று மாடியையும் நிற்காமல் ஏறுகிறாள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்றால் தந்துகிகளுக்காக. சிவப்பணுவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு. பல தந்துகிகள் அதைவிடக் குறுகல், சிவப்பணு வளைந்து நெளிந்துதான் நுழைகிறது. பெருந்தமனியில் நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுக்குப் பாயும் ரத்தம் அங்கே நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. கோடிக்கணக்கான கிளைகளாகப் பிரிந்துவிட்டதால் வந்த நிதானம் அது. ஒன்றிரண்டு நொடிக்குள் ஆக்சிஜனைக் கொடுத்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடும். ஹார்வி இதைப் பார்க்காமலே போய்விட்டார். 1657இல் அவர் இறந்தார். 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் அந்த மெல்லிய குழாய்களைக் கண்டார். இருந்தே ஆக வேண்டும் என்று ஹார்வியின் கணக்கு சொன்ன இணைப்பு, நான்கு வருடம் தாமதமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இதயமும் தன் சாப்பாட்டுக்கு இதே குழாய்களை நம்பித்தான் இருக்கிறது. உள்ளே ரத்தம் நிரம்பி வழிந்தாலும் அதன் தசையால் அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு இதயத் தமனிகள்தான் அதற்குக் கொடுக்கின்றன. இடது கீழறை சுருங்கும் நேரத்தில் சுவருக்குள் இருக்கும் குழாய்கள் நசுங்கிவிடுவதால், அது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் சாப்பிடுகிறது. 72 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.8 நொடி, அதில் அரை நொடி தளர்வு. துடிப்பு கூடக் கூட அந்தத் தளர்வு நேரம்தான் முதலில் சுருங்குகிறது. இன்னொன்றும் உண்டு. உடம்பு மொத்தமும் சேர்ந்து ரத்தத்திலிருந்து நாலில் ஒரு பங்கு ஆக்சிஜனை எடுக்கும்போது, இதயத் தசை சும்மா இருக்கும்போதே எழுபது சதவீதம் போல எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டும் என்றால் கூடுதல் ரத்தம் வந்தால்தான் உண்டு. ஏற்கெனவே இதயத் தமனி குறுகியிருக்கும் ஒருவருக்கு வெயிலும் நீரிழப்பும் ரத்தசோகையும் ஏன் ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறுகலைத் தாண்டி வேறு பாதை போடுவதுதான் பைபாஸ். இந்தியாவில் அதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975இல், டாக்டர் கே.எம். செரியன். பெரம்பூர்க்காரர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேல் இருக்கும் பெருமையை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன்.

பைபாஸுக்கு வேண்டிய குழாயை நெஞ்சுக்குள்ளிருக்கும் தமனியிலிருந்தும் எடுப்பார்கள், காலின் உட்பக்கம் கணுக்காலிலிருந்து தொடை வரை ஓடும் நீண்ட சிரையிலிருந்தும் எடுப்பார்கள். காலிலிருந்து எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் தைக்க வேண்டும். அப்படியே வைத்தால் ஹார்வி காட்டிய அந்த வால்வுகள் ரத்தத்தை எதிர்த்து நின்றுவிடும். பெரியப்பாவுக்கு இப்படித்தான் செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நெஞ்சுத் தையலைப் பற்றி விசாரித்தார்கள். அவருக்கோ பல வாரம் உறுத்தியது கால்தான். காலிலிருந்து இவ்வளவு நீளத்தை எடுத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும் என்று நான் அறுவை மருத்துவரிடம் கேட்டேன். காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்தில் இருக்கும் சிரைகள் வழியாகத்தான் போகிறது, அவை நன்றாக இருந்தால் மேலே இருக்கும் ஒன்றை எடுப்பதால் கெடுதல் இல்லை, அதற்காகவே முன்கூட்டி ஸ்கேன் எடுக்கிறோம் என்றார். சுருண்டு வீங்கிய சிரையாக இருந்தால்? அதை ஒட்டுப்போடப் பயன்படுத்த மாட்டோம் என்றார்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். பழைய கடையில் இன்னும் வேலை பார்க்கும் தோழிகள் இரண்டு மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வருவார்கள். இருபது வயதுப் பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம். அந்தப் பெண்களை ஒரு நாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள். ஸ்டூல் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டுமாம், குதிகால் பயிற்சியை அவள் காட்டிவிடுவாளாம்.